தனுஷ்கோடியில் பக்கம் மாறி நின்றவர்கள்

மதுரை மாட்டுத்தாவணியில் இராமநாதபுரம் பேருந்தில் ஏறியபோது இருட்டு பிரியவில்லை. நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மடியில் கேமராப் பை. வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிடும் வெள்ளித் தட்டியை மடித்துக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டேன். பரமக்குடி தாண்டியதும் விடிந்தது. வைகைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலம், அதற்கப்புறமும் சீமைக்கருவேலம்.

போனது ஒரு கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு. 'ப்ரீ-வெட்டிங்' என்று இப்போது கிராமத்திலும் சொல்கிறார்கள். மாப்பிள்ளை முனீஸ்வரன் கமுதிப் பக்கத்துக்காரர். மிளகாய் மூட்டை ஏற்றும் சிறிய லோடு வண்டி சொந்தமாக வைத்திருக்கிறார். பெண் காளீஸ்வரி நாலு ஊர் தள்ளி. பெண் பார்த்த அன்றும் நிச்சயதார்த்தத்தன்றும் தவிர இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. "தனுஷ்கோடியில எடுக்கணும் மேடம்" என்று போனில் அவர் சொன்னபோது, பின்னால் ஒரு பெண் குரல், "நானும் வருவேன்னு சொல்லுலே" என்றது கேட்டது. அது அவருடைய அக்கா பஞ்சவர்ணம்.

இந்த மாதிரி வேலைதான் எனக்குப் பிடிக்கும், பயமும் இதில்தான். கேமரா முன்னால் நின்று பழகாதவர்கள், ஆதாருக்குப் படம் எடுத்த அன்று நின்ற மாதிரியே நிற்பார்கள். மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாது. "சிரிங்க" என்று சொன்னால் போச்சு, பல் மட்டும் தெரியும். அவர்களை இளக வைப்பதில்தான் என் நாளில் பாதி போகும். படம் எடுப்பது அப்புறம்.

காலை ஏழரை மணி வாக்கில் இராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே அவர்களுடைய வாடகை வேன் நின்றது. ஓட்டுநர் காசிம் பாய் உள்ளூர்க்காரர். முன் இருக்கையில் முனீஸ், இஸ்திரி கலையாத சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நடு இருக்கையில் பஞ்சவர்ணம், நாற்பதை நெருங்கும் வயது, கணீர்க் குரல். பின்னால் காளீஸ்வரியும் அவளுடைய அண்ணன் அழகரும். அப்பா இல்லாத வீடு. அழகர்தான் தங்கைக்கு எல்லாம் பார்ப்பவர். நான் ஏறியதும் காளீஸ்வரி ஜன்னலோரம் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். நான் பேர் கேட்டேன். வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அழகர் அவசரமாக, "காளீஸ்வரிங்க" என்றார்.

"பாய், சாயங்காலம் எத்தனை மணி வரைக்கும் தனுஷ்கோடியில இருக்கலாம்?" என்று கேட்டேன்.

"பொழுது சாயுறதுக்குள்ள வெளிய வந்துரணும். போலீஸ்காரக விசில் ஊதிருவாக. அதுக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க விடமாட்டாக."

உச்சிப்புளி தாண்டி, பெருஞ்சாலையிலிருந்து இடதுபுறம் பிரிந்து அரியமான் கடற்கரைக்குப் போனோம். பழகாதவர்களை முதலிலேயே தனுஷ்கோடிக் காற்றில் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. அரியமானில் சவுக்குத் தோப்பு நிழல் உண்டு. கடல் குளம்போல் கிடக்கும். வாரநாள் என்பதால் கூட்டமும் இல்லை.

கேமராவைப் பையிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். முனீஸிடம் மிளகாய் விலை கேட்டேன். மூட்டையை எப்படித் தோளுக்கு ஏற்றுவீர்கள், செய்து காட்டுங்கள் என்றேன். குனிந்து நிமிர்ந்து காட்டியதில் தோள் இறங்கியது, கை தன்னால் இடம் தேடிக்கொண்டது. காளீஸ்வரியிடம் ஒரு சவுக்குக் கிளையைக் கொடுத்தேன். விரலுக்கு வேலை இருந்தால் முகம் தன்னை மறக்கும். தனித்தனியாக எடுத்தபோது இருவரும் நன்றாகவே வந்தார்கள். முதல் படத்தைத் திரையில் காட்டியதும் காளீஸ்வரி, "யாத்தே, நானா இது?" என்று சிரித்தாள். நல்ல பிள்ளை, கண்ணுக்குள் விளையாட்டு இருக்கிறது என்று நினைத்தேன்.

சேர்த்து நிறுத்தியபோதுதான் எல்லாம் கெட்டது.

"தாலி ஏறுற வரைக்கும் பொண்ணு மாப்பிள்ளைக்கு வலப்பக்கந்தான் நிக்கணும்" என்று நிழலிலிருந்து பஞ்சவர்ணத்தின் குரல் வந்தது. சரி என்று அப்படியே நிறுத்தினேன். காளீஸ்வரிக்கு இடப்பக்கத்தில் முனீஸ். நடுவில் ஒரு ஆள் புகலாம். ஜோடிகளுக்கென்று நான் வைத்திருக்கும் வழியைச் சொன்னேன்.

"தம்பி, நான் ஒண்ணும் சொல்லித் தரப் போறதில்ல. அவங்க காதுகிட்டப் போய் ஏதாவது மெதுவாச் சொல்லுங்க. எனக்குக் கேக்கக் கூடாது."

இது பெரும்பாலும் தவறாது. சொல்கிறவர் வெட்கப்படுவார், கேட்கிறவள் சிரிப்பாள். முனீஸ் காதுவரை சிவந்து, குனிந்து, என்னவோ சொன்னார். காளீஸ்வரி அசையவில்லை. கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை."

சொன்னார். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. முனீஸ் நிமிர்ந்தபோது அவருடைய தாடை இறுகியிருந்தது. பஞ்சவர்ணம் எழுந்து நேராக வந்து காளீஸ்வரிக்கு எதிரில் நின்றார்.

"என்னத்தா, தம்பி எம்புட்டு ஆசையாப் பேசுறான், நீ மொகத்த உம்முன்னு வச்சிருக்க? இஷ்டமில்லாட்டி வாயத் தொறந்து சொல்லு."

காளீஸ்வரி கண் கலங்கி அண்ணனைப் பார்த்தாள். எனக்காக வெள்ளித் தட்டியைப் பிடித்திருந்த அழகர் அதைத் தாழ்த்தினார். வெளிச்சம் அவள் முகத்தை விட்டு இறங்கியதைக் கேமரா வழியாகப் பார்த்தேன். போதும், கிளம்பலாம் என்றேன்.

மண்டபம் தாண்டிப் பாம்பன் பாலத்தில் ஏறினோம். பாலத்தைப் பார்க்க இரண்டு பக்கமும் ஆட்கள் வண்டியை நிறுத்தி நின்றிருந்தார்கள். எங்கள் வேனில் யாரும் தலையைத் திருப்பவில்லை. கட்டாயக் கல்யாணங்களுக்கும் நான் படம் எடுத்திருக்கிறேன், அப்போது தெரியாமல். அந்தப் படங்களை இப்போது பார்த்தால் தெரிகிறது. இந்தப் பெண்ணும் அப்படித்தானா என்று காலைப் படங்களைத் திரையில் திருப்பிப் பார்த்தேன்.

இராமேசுவரத்தில் மதியச் சாப்பாடு. சேலை மாற்ற, கோயிலுக்குப் பின் தெருவில் ஒரு விடுதியில் இரண்டு மணி நேரத்துக்கு அறை எடுத்தோம், ஐந்நூறு ரூபாய். பஞ்சவர்ணம் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே நானும் காளீஸ்வரியும் மட்டும். கண்ணாடி முன் அவள் வளையல் போட, நான் இடப்பக்கம் நின்று மல்லிகையைப் பின்னலில் குத்திக்கொண்டிருந்தேன். வெளியே கேட்காத குரலில் கேட்டேன்.

"ஏம்மா, இந்தக் கல்யாணத்துல உனக்கு இஷ்டந்தானா? இல்லைன்னா எங்கிட்டச் சொல்லு."

அவள் வளையல்களை நிறம் பார்த்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை கேட்டேன். சிவப்பு வளையலைக் கழற்றிவிட்டுப் பச்சையை எடுத்தாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். இப்படி ஒரு கேள்வியைக் காதில் வாங்கிவிட்டு மறைக்கிற முகம் அது இல்லை. கேள்வியே போய்ச் சேராத முகம்.

சுற்றி வந்து வலப்பக்கம் நின்றேன். அதே குரலில் அதையே கேட்டேன். வளையல் பாதி மணிக்கட்டில் நின்றது.

"இஷ்டந்தான்க்கா. ஏன் அப்படிக் கேக்குறீக?"

அவள் என் கையில் மிச்சமிருந்த கொண்டை ஊசியையும், நான் நின்ற இடத்தையும் பார்த்தாள். கண்ணாடியில் எங்கள் கண்கள் சந்தித்தன.

"அந்தப் பக்கம் நின்னு கேட்டீகளா?" என்றாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

சின்ன வயதில் காய்ச்சல் வந்து, காதில் சீழ் கட்டி, இடது காது முழுசாகப் போய்விட்டது. வலது காது நன்றாகக் கேட்கும். நேருக்கு நேர் நின்று பேசினாலும் சிக்கல் இல்லை. "முந்தி ஒரு எடம் வந்துச்சுக்கா. அண்ணன் உள்ளத உள்ளபடி சொன்னாரு. செவிட்டுப் பிள்ளையான்னு கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டாக. இந்தத் தடவ வாயத் தொறக்கக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாரு. நீங்களும் யார்ட்டயும் சொல்லிறாதீக."

"சொல்ல மாட்டேன்."

"காலையில அவரு என்னமோ சொன்னாருல்ல, என்ன சொன்னாரு?"

"எனக்கும் கேக்கலம்மா" என்றேன். கதவைப் பஞ்சவர்ணம் தட்டினார்.

மூன்று மணிக்குத் தனுஷ்கோடி சாலையில் போய்க்கொண்டிருந்தோம். இராமேசுவரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். கடைசிப் பகுதியில் தார்ச்சாலைக்கு இரண்டு பக்கமும் கடல் நெருங்கிவிடுகிறது. இடதுபுறம் அலை இல்லாத தண்ணீர், வலதுபுறம் குமுறிக்கொண்டு வருகிற தண்ணீர். "இது பெண் கடல், அது ஆண் கடல்" என்று காசிம் பாய் சொன்னார். இடிந்த தேவாலயத்தைத் தாண்டி, அரிச்சல்முனைக்குச் சற்று முன்னால் மணலில் ஆள் குறைவான இடமாகப் பார்த்து நிறுத்தச் சொன்னேன்.

கதவைத் திறந்ததும் காற்று அறைந்தது. தட்டி பாய்மரம்போல் உப்பி அழகரை இழுத்துக்கொண்டு போனது. "இது இங்க ஆகாது, வேன்லயே வச்சுப் பிடிச்சுக்கங்க" என்று அவரை அனுப்பினேன். பஞ்சவர்ணம், மணல் கண்ணில் விழுகிறது என்று வேனுக்குள்ளேயே இருந்துகொண்டார். ஆனால் கண்ணாடி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. வெளிச்சத்தைக் காரணம் சொல்லிப் பக்கத்தை மாற்றிவிட்டால், அவர் பேசுவது இவளுக்குக் கேட்கும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். "சூரியன் அந்தப் பக்கம் இருக்கு தம்பி, இடம் மாறி நில்லுங்க" என்றேன். இருவரும் மாறுவதற்குள் வேன் ஜன்னல் திறந்தது. "வலப்பக்கம்! வலப்பக்கம்!" முனீஸ் பழைய இடத்துக்கே போனார்.

நடக்கச் சொன்னேன். கையைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், சும்மா பேசிக்கொண்டே என்னை நோக்கி நடங்கள் என்றேன். முனீஸ் பேசினார், அவருடைய உதடு அசைந்தது. அந்தக் காற்றில் காளீஸ்வரிக்கு ஒரு சொல்கூடப் போயிருக்காது. தரையைப் பார்த்து நடந்து வந்தாள். பாதி தூரத்தில் முனீஸ் நின்றுவிட்டார். அவளை அங்கேயே விட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"போதும் மேடம். கேமராவ வச்சிருங்க."

"என்ன தம்பி?"

"போன்ல நல்லாத்தான் பேசுறாக. ராத்திரி பத்து மணி வரைக்கும் சிரிச்சுப் பேசுறாக. நேர்ல வந்தா ஒரு வார்த்தைக்குப் பதிலு இல்ல. என்னையப் பக்கத்துல பாத்ததும் பிடிக்காமப் போயிருச்சு. அண்ணனுக்குப் பயந்து வந்து நிக்கிறாக." செருப்பால் மணலைக் கிளறினார். "பிடிக்காதவகள இழுத்துக்கிட்டு வந்து படம் எடுத்து என்ன செய்ய? அக்காட்டச் சொல்லி நிறுத்திரப் போறேன்."

எனக்கு நாக்கு வரை வந்துவிட்டது. ஒரு வாக்கியம் போதும். ஆனால் அது என் காது இல்லை, என் கல்யாணமும் இல்லை. சொல்ல மாட்டேன் என்று அறையில் ஒரு வாக்கு வேறு கொடுத்திருந்தேன். "ரெண்டே நிமிஷம் பொறுங்க. அக்காட்ட இப்பப் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுக் காளீஸ்வரியிடம் ஓடினேன். வலப்பக்கம் போய் நின்றேன்.

"கல்யாணத்தை நிறுத்தச் சொல்லப் போறார். அவரை உனக்குப் பிடிக்கலைன்னு நினைக்கிறார்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிடிக்கலைன்னா? எனக்கா?"

"நான் எதுவும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். சொல்றதும் விடுறதும் நீதான் முடிவு பண்ணணும்."

"அண்ணன்..."

"அண்ணன் வேன்கிட்ட இருக்கார்."

வேனைப் பார்த்தாள். முனீஸைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு மணலில் நடந்தாள். முனீஸுக்கு எதிரில் போய் நின்று, தன் இடது காதைத் தொட்டுக் காட்டி, பேச ஆரம்பித்தாள். நான் லென்ஸை மூடிவிட்டேன். அதைப் படமெடுக்க எனக்கு உரிமை இல்லை.

அவ்வளவு தூரத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதைத் தொட்ட அவள் கைதான் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு அழகர் தட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். என்னிடம் வந்து மூச்சிரைக்க நின்றார்.

"என்ன சொல்லிக் குடுத்தீக அதுக்கு? எங்க குடும்பத்தக் கெடுக்கவா வந்தீக?"

"நான் சொல்லித் தரல. அவளே போனா."

"ஒருக்காப் பட்டது பத்தாதா நாங்க?" என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது அழுகையாக இருந்தது.

முனீஸ் அவளை விட்டுத் திரும்பி, தண்ணீரை நோக்கி நடந்து போனார். அலை செருப்பை நனைத்தது. நகரவில்லை. காளீஸ்வரி நின்ற இடத்திலேயே நின்றாள். அரிச்சல்முனைப் பக்கமிருந்து முதல் விசில் கேட்டது. ஆட்கள் வண்டிகளுக்குத் திரும்ப ஆரம்பித்தார்கள். வேன் கதவு திறந்து பஞ்சவர்ணம் இறங்கினார். மணலில் கால் புதையப் புதைய, எங்களை நோக்கி வர ஆரம்பித்தார்.

அவர் வந்து சேர்வதற்கு முன் முனீஸ் திரும்பி வந்தார். நானும் அழகரும் அதற்குள் காளீஸ்வரியின் அருகில் போயிருந்தோம். முனீஸ் முதலில் அழகரைத்தான் பார்த்தார்.

"மச்சான், நீங்க செஞ்சது தப்பு. எங்கிட்டயாவது சொல்லிருக்கணும்."

அழகர் தலையைக் குனிந்துகொண்டார். முனீஸ் காளீஸ்வரியிடம் திரும்பினார்.

"போனை எந்தக் காதுல வச்சுப் பேசுவ?"

அவள் வலது காதைத் தொட்டாள்.

"அதான பாத்தேன்" என்றார். பெரிய மூச்சாக வெளியே விட்டார். காலையிலிருந்து நான் வெளியே வரவைக்கப் பாடுபட்ட மூச்சு அது. பிறகு அவளைச் சுற்றி வந்து அவளுடைய வலப்பக்கம் நின்று, காதருகில் குனிந்தார். காற்றில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. எங்களுக்கும் கேட்டது.

"எங்க அக்காளுக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்கும். அதுதான் வீட்ல பிரச்சினையே!"

காளீஸ்வரி ஒரு கணம் திகைத்து, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் நின்றபடியே சிரித்தாள். நான் லென்ஸைத் திறந்தேன். அதற்கப்புறம் நான் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது, எதுவும். அலைச் சத்தத்தில் ஒருவர் சொல்வதற்காக மற்றவர் சாய்ந்துகொண்டே இருந்தார்கள். நடுவில் இப்போது ஒரு விரல்கூடப் புகாது.

"ஏலே முனீசு! பக்கம் மாறி நிக்கிற!" பஞ்சவர்ணம் வந்துவிட்டார்.

"இங்கன நின்னாத்தான்க்கா அவளுக்குக் கேக்கும்."

"என்ன கேக்கும்?"

சொன்னார். அந்த அம்மாள் முகம் மாறியதைப் பார்க்கப் பயமாக இருந்தது. காளீஸ்வரியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அழகரிடம், "மறைச்சுக் குடுக்கப் பாத்தீகளா?" என்று கேட்டார். உரக்கக்கூட இல்லை. அழகர் கை கூப்பினார். இரண்டாவது விசில் கேட்டது. காசிம் பாய் ஹாரனை அடித்தார். எல்லோரும் வேனுக்கு நடந்தோம், ஒருவரையொருவர் பார்க்காமல்.

திரும்பி வந்த எழுபது சொச்சம் கிலோமீட்டரும் அப்படியே. பாம்பனில் இருட்டிவிட்டது. முனீஸ் இப்போது பின் இருக்கையில், காளீஸ்வரிக்கு வலப்பக்கம். அழகர் முன்னால் போய்விட்டார். பஞ்சவர்ணத்தின் முகத்தில் எதிர் வண்டிகளின் வெளிச்சம் வந்து வந்து போனது. கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இராமநாதபுரத்தில் நான் இறங்கியபோது அவரும் கூடவே இறங்கினார். வேனிலிருந்து கொஞ்சம் தள்ளி என்னை அழைத்துப் போனார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மத்தியானம்தான் தெரிஞ்சது."

"ரெண்டு மாசமா அந்தப் பிள்ளைட்டப் பேசுறேன். எதுக்கும் சிரிச்சுக்கிட்டுத் தலையாட்டும். திமிருன்னு நெனச்சேன்." வேன் பக்கம் திரும்பிப் பார்த்தார். "காலையில தோப்புல வஞ்சேன்ல, அது கேட்டிருக்குமா?"

"நேரா எதிர்ல நின்னுதான் திட்டினீங்க."

"அப்பக் கேட்டிருக்கும்" என்றார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்க அய்யா கோவக்காரரு. நாந்தான் சொல்லணும். அழகரும் வந்து அவரு வாயால சொல்லணும். மறைச்சாப்புல ஒரு பிள்ள எங்க வீட்டுக்குள்ள வர வேணாம்." வேனில் ஏறிக்கொண்டார்.

அழகர் போய்ச் சொன்னார். முனீஸின் அப்பா அவரை வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டாராம். அப்புறமும் பல நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஆனால் குறித்த நாளில் கமுதியில் கல்யாணம் நடந்தது. நான்தான் படம் எடுத்தேன். பந்தலில் முனீஸின் அப்பா அழகரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்னும் சரியாகவில்லை என்று போன வாரம்கூட முனீஸ் சொன்னார்.

தனுஷ்கோடியிலிருந்து திரும்பிய அன்று, இரவுப் பேருந்தில் மதுரைக்கு வரும்போது உடம்பெல்லாம் உப்பு. மதுரையில் என் ஸ்டுடியோ ஒரு மாடி அறை. ஜன்னல் கிடையாது, காற்று கிடையாது. விளக்கை நான் வைத்த இடத்தில்தான் வெளிச்சம் விழும். ஆளும் நான் நிறுத்திய இடத்தில் நிற்பார். அங்கே எடுத்திருந்தால், அந்த அமைதியில், நான் சொன்னதை எல்லாம் காளீஸ்வரி கேட்டிருப்பாள். சிரிக்கச் சொன்னபோது சிரித்திருப்பாள். அரை நாளில் வேலை முடிந்திருக்கும். நல்ல படங்களாகவே வந்திருக்கும், பார்த்தவர்கள் பொருத்தமான ஜோடி என்று சொல்லியிருப்பார்கள். முனீஸ் அதைக் கூடத்தில் மாட்டியிருப்பார். அதற்குக் கீழே உட்கார்ந்து, தன் மனைவி ஏன் பாதி நேரம் பதில் சொல்வதில்லை என்று வருஷக்கணக்காக யோசித்துக்கொண்டிருந்திருப்பார்.